டெக்ஸ் றிக்காட்டும் குத்துச்சண்டை வணிகமும்

முத்துக்குளிக்குங் காலத்திற் கூடும் கரையோரச் சந்தையைச் சலாபம் என்பது பழைய வழக்கு. புத்தளம் மாவட்டத்துச் சிலாபம் அப்பெயராலேயே வழங்கலாயிற்று என்பர். மன்னார்க் குடாவின் ஆளற்ற மணற்கரைகளிற் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்து மறைந்தது. கடலுக்கடியிற் கிடப்பதைக் காணாமலே பெரும்பணம் கொடுத்துக் குத்தகை எடுத்தோரும் ஆங்கு இருந்தனர். 1906 ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலக் கம்பெனி, ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்கு இம்முத்துப்பார்களைக் குத்தகைக்குப் பெற்றது. 1907 இன் பின்னர் பார்கள் வறண்டன, கம்பெனியும் கலைந்தது.

அதே 1906 இல், அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்திலே இத்தகைய குத்தகைத் துணிவுடைய வேறொருவர் தம் தொழிலைத் தொடங்கினார். ஜோர்ஜ் லூயிஸ் றிக்காட் என்பது அவருடைய இயற்பெயர். 'டெக்ஸ்' என்பது உலகம் இட்ட பெயர். டெக்சஸில் ஒரு சிற்றூரின் காவல் அதிகாரியாகவும், அலாஸ்காவின் தங்க வேட்டைக் காலத்தில் மதுச்சாலையும் சூதாட்ட விடுதியும் நடத்துபவராகவும் இருந்தவர் அவர். குத்துச்சண்டையைப் பற்றி அதிகம் அறிந்தவரல்லர். பணத்தைக் கண்டதும் மனிதர் எவ்வாறு நடப்பர் என்பதையே அவர் நன்கறிந்திருந்தார்.

கோல்ட்பீல்ட் என்னும் சுரங்க நகருக்கு விளம்பரந் தேடவே முதற் போட்டி ஒழுங்கு செய்யப்பட்டது. பரிசுத் தொகையான 30,000 டொலரையும் இருபது டொலர்த் தங்க நாணயங்களாக வங்கிச் சாளரத்தில் அடுக்கிக் காட்டினார் றிக்காட். நாடெங்கும் செய்தித்தாள்கள் போட்டியாளரை விட நாணயங்களையே மிகுதியாக வியந்தன. ஜோ கான்ஸ் கறுப்பினத்தவர், மென்பாரப் பிரிவின் உலக வீரர். எதிர்த்தவர் பற்லிங் நெல்சன் என்னும் வெள்ளையர். 1906 செப்ரெம்பர் 3 ஆம் திகதி, கடும் வெயிலில், 42 சுற்றுகள் வரை நீண்ட அச்சண்டை, நெல்சன் அரைக்குக் கீழே குத்தியமையால் கான்ஸின் வெற்றியாக முடிந்தது. எனினும் தோற்ற நெல்சன் பெற்றது 20,000 டொலருக்கு மேல். வென்ற கான்ஸ் பெற்றதோ ஏறத்தாழ அதன் பாதியே. உலக வீரர் என்ற பட்டத்தை விடத் தோலின் நிறமே ஒப்பந்தத்தில் அதிக விலை பெற்றது.

நிறம் விலைபோகும் என்பதை றிக்காட் ஆங்கு கற்றுக்கொண்டார் எனலாம். 1910 யூலை 4 இல் றீனோ நகரில், அதிபாரப் பிரிவின் முதற் கறுப்பின உலக வீரரான ஜாக் ஜோன்சனுக்கு எதிராக, ஓய்வு பெற்றிருந்த ஜேம்ஸ் ஜெவ்ரிஸை மீண்டும் மேடையேற்றினார். பரிசு 101,000 டொலர், நடுவரும் றிக்காட்டே. வெள்ளையினத்தின் மானங் காக்க வந்தவரென விளம்பரஞ் செய்யப்பட்ட ஜெவ்ரிஸ் பதினைந்தாம் சுற்றில் வீழ்ந்தார். அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களிற் கலவரம் மூண்டது, பலர் மாண்டனர், மாண்டோரிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே. 1912 இல், குத்துச்சண்டைப் படங்களை மாநிலத்துக்கு மாநிலம் கொண்டு செல்வதை அமெரிக்கக் காங்கிரஸ் தடைசெய்தது. விளம்பரத்தால் மூட்டிய தீக்கு விளம்பரஞ் செய்தவர் எவ்விதப் பொறுப்பும் ஏற்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. பின்னர் அவர் பராகுவேக்குச் சென்று சில ஆண்டுகள் மாட்டுப்பண்ணை நடத்தினார்.

திரும்பி வந்த றிக்காட்டின் பொற்காலம் ஜாக் டெம்சியோடு தொடங்கிற்று. 1921 யூலை 2 ஆம் திகதி ஜேர்சி நகரில், இதற்கென்றே பலகைகளால் எழுப்பப்பட்ட அரங்கில், டெம்சியும் பிரான்ஸின் கார்பான்ரியேயும் மோதினர். கார்பான்ரியே போர்வீரர், டெம்சியோ போருக்குச் செல்லாது தப்பியவரெனப் பழிக்கப்பட்டவர் (நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்திருந்தது). இவ்வேறுபாடே நுழைவுச்சீட்டை விற்றது. சனத்திரளின் பாரத்தால் அரங்கு ஆடியதென்பர். வருமானம் 17 இலட்சம் டொலரைத் தாண்டிற்று. குத்துச்சண்டையில் பத்து இலட்சத்தைக் கடந்த முதல் வசூல் அது. 1926 இல் பிலடெல்பியாவில் ஏறத்தாழ 120,000 பேர் முன்னிலையில் டெம்சி ஜீன் ரனியிடம் தோற்றார். 1927 இல் சிக்காகோவில் நடந்த மறுபோட்டியின் வசூல் 26 இலட்சத்துக்கு மேல். அதில் ரனியின் பங்கு பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தமையால், குறைந்த தொகையைத் தாமே கொடுத்து, முழுப் பத்து இலட்சத்துக்கும் ஒரே காசோலை வாங்கிக்கொண்டார் அவர்!

இவ்வெற்றிகளின் நடுவே நடைபெறாத போட்டி ஒன்று உண்டு. ஹரி வில்ஸ் என்னும் கறுப்பின வீரர் டெம்சிக்கு ஆண்டுக்கணக்காகச் சவால் விடுத்தார். வில்ஸையே எதிர்கொள்ளவேண்டுமென நியூயோர்க் ஆணைக்குழுவும் வற்புறுத்தியது. 1926 ஆம் ஆண்டுப் போட்டி பிலடெல்பியாவுக்குச் செல்ல நேர்ந்தமைக்கு அதுவும் காரணமாயிற்று. வில்ஸோ மேடை ஏறவேயில்லை. றிக்காட்டை இனவெறியர் என்று கூறுவது எளிது. ஆயின் அது முழு உண்மையாகாது. கான்ஸுக்கும் ஜோன்சனுக்கும் பெரும் மேடை அமைத்தவர் அவரே. றீனோவின் பின் அத்தகைய போட்டியால் வரும் ஆபத்தையும் இலாபத்தையும் நிறுத்துப் பார்த்தார். வில்ஸின் நியாயம் அத்தராசில் ஏறவில்லை. வெறுப்பின்றியே ஒரு மனிதனின் வாழ்நாளை வீணாக்க வணிகத்தால் இயலும் என்பதால், இது வெறுப்பினுங் கொடிது.

1929 சனவரி 6 இல், குடல்வால் அழற்சிச் சத்திரசிகிச்சையின் பின் மயாமிக் கடற்கரையில் றிக்காட் காலமானார். நியூயோர்க்கில் 1925 இல் அவர் எழுப்பிய மடிசன் சதுக்கத் தோட்ட அரங்கிலேயே அவரது உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஜோன்சன் 1915 இல் பட்டத்தை இழந்த நாள் முதல் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் அதிபாரப் பட்டத்துக்குப் போட்டியிட வாய்ப்புக் கிட்டவில்லை. 1937 யூன் 22 இல் ஜோ லூயிஸ் அதை வென்றார். அப்போட்டியை நடத்தியவர் மைக் ஜேக்கப்ஸ், ஒருகாலத்தில் றிக்காட்டின் போட்டிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்றவர். பட்டத்தை வைத்திருந்த பிரடொக்கின் முகாமையாளர் அதற்கு இணங்கியதும் விலைக்கே: பத்து ஆண்டுகளுக்கு ஜேக்கப்ஸின் அதிபாரப் போட்டி இலாபத்தில் நூற்றுக்குப் பத்து.