எரேமியாவின் கடிதமும் செட்டிகுளமும்

காலைப் பிரார்த்தனையில் நாம் மனப்பாடமாக ஒப்புவித்த வசனங்களில் எரேமியா 29:11 ஒன்று. தம் மக்களுக்குத் தேவன் எண்ணியிருப்பது கேடல்ல, நல்லதொரு முடிவே என்பது அதன் பொருள். சுவர்க் கலண்டர்களிலும் வாழ்த்து மடல்களிலும் இன்றும் அதைக் காணலாம். அதற்கு முந்திய வசனத்தை அப்படிக் காண்பது அரிது. எழுபது ஆண்டு என்ற கணக்கு வருவது அங்கேதான்.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் கைவினைஞரையும் பாபிலோனுக்குக் கொண்டு போனான். இரண்டே ஆண்டில் எல்லோரும் திரும்பிவிடுவர் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி அறிவித்தான். கேட்டவர்களுக்கு அது இனித்தது. எரேமியா அனுப்பிய கடிதமோ வேறு சொன்னது: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். கோரேசின் கட்டளை வந்து வழி திறந்தது கி.மு. 538இல். கடிதம் வந்தபோது பெரியவர்களாக இருந்தோர் அநேகமாக அந்த நாளைக் கண்டிருக்கமாட்டார்கள்.

2009இல் இதே கதை எமது மண்ணில் நடந்தது. வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தில், அருவியாற்றை அண்டி அமைந்த மெனிக்பாம் முகாமில், உச்ச நிலையில் ஏறத்தாழ 2,25,000 பேர் முட்கம்பிக்குள் இருந்தனர். வலயங்களுக்கு இட்ட பெயர்கள் ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர். (இராமநாதன் என்றால் மருதனார்மடத்துப் பெண்கள் கல்லூரியை நினைத்து வளர்ந்த எமக்கு, அந்தப் பெயரை இப்படியும் கேட்க நேர்ந்தது.) பெரும்பான்மையோரை 180 நாட்களில் மீள்குடியேற்றும் திட்டம் இருப்பதாக அவ்வாண்டு மே மாதம் அரசு சொன்னது. ஆகஸ்ட் மழையில் தறப்பாள் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. டிசம்பர் 1ஆம் திகதிதான் வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. ஆண்டு முடிவிலும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் முகாம்களில் எஞ்சியிருந்தனர். கடைசிக் குடும்பங்கள் பஸ் ஏறியது 2012 செப்டெம்பர் 24ஆம் திகதி.

பழைய தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல் உண்டு: சிறையிருப்பு. யோபு இழந்ததைத் திரும்பப் பெற்றதைக்கூட அது சிறையிருப்பு மாறியதாகவே சொல்லும். புதிய மொழிபெயர்ப்புகள் இதை நல்வாழ்வு என்ற பொருளில் மென்மையாக்கிவிடுகின்றன. செட்டிகுளத்துக்குப் பொருந்துவது பழைய சொல்தான் என்பது என் எண்ணம்.

முகாமில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் சைவர்கள். கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், குருக்களும் கன்னியாஸ்திரிகளும் மக்களோடு மக்களாக வன்னியிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். யாராக இருந்தாலும் நாள் ஒன்றுபோலவே விடிந்தது: தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, காணாமற்போனவரைப் பற்றி விசாரிப்பு. அதற்கு நடுவில் பள்ளிக்கூடம் நடந்தது. இடம்பெயர்ந்த ஆசிரியர்களே படிப்பித்தார்கள். பெற்றோரையோ சகோதரரையோ மே மாதத்தில் இழந்த பிள்ளைகள் ஆகஸ்டில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். தோட்டம் போடுங்கள் என்ற எரேமியாவின் வார்த்தையை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். எரிந்த நகரத்தைப் பாடும் புலம்பல் ஆகமத்தில், தேவனுடைய இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்ற எண்ணம் நடு அதிகாரத்தில் வருகிறது. அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகைதான். வாக்குறுதியை நம்பியவர்கள் அழாமல் இருந்தார்கள் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. அழுகிறவர்களிடம் நம்பிக்கை இல்லை என்று சொல்லும் பிரசங்கிகளுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

எரேமியா 32ஆம் அதிகாரம் இன்னும் நெருங்கி வருகிறது. எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறான். அந்த நேரத்தில் 17 சேக்கல் வெள்ளி கொடுத்து ஆனதோத்தில் ஒரு காணி வாங்குகிறான். உறுதியை எழுதிச் சாட்சி வைத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான். எங்கள் பக்கத்தில் காணிப் பத்திரத்துக்குப் பெயரே உறுதி. எத்தனையோ தாய்மார் நகையை விட்டாலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பையில் சுமந்து இடம்பெயர்ந்தது ஏன் என்று இந்த அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2012இல் மெனிக்பாம் மூடப்பட்டபோது முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்கள் சொந்தக் காணிக்குப் போகவில்லை. அங்கே இராணுவம் இருந்தது. அவர்கள் சீனியாமோட்டையில் காடு வெட்டிய நிலத்தில் இறக்கப்பட்டார்கள். முகாம் முடிந்ததாக உலகம் எழுதியது, அவர்களுக்கு முடியவில்லை. 2017 ஜனவரி இறுதியில் பிலக்குடியிருப்புப் பெண்கள் பிள்ளைகளோடு விமானப்படை முகாம் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி அந்தக் காணி விடுவிக்கப்பட்டது. அதே நாளில் கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் காணிக்காக வீதியோரம் கொட்டில் போட்டுப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். டிசம்பர் இறுதியில் அவர்களது காணியில் 133 ஏக்கர் கிடைத்தது. மிச்சத்துக்காக அவர்கள் மறுநாளும் கொட்டிலுக்கு வந்தார்கள்.