சூட்டுச்சீப்பின் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் கறுப்பின மக்களின் சரித்திரத்தை அறிய விரும்புவோர், அடிமைத்தனத்தையும் உள்நாட்டு யுத்தத்தையும் உரிமைப் போராட்டத்தையும் பற்றி எவ்வளவு படித்தாலும், அம்மக்களின் அடுப்படிகளில் சனிக்கிழமைதோறும் காய்ந்துகொண்டிருந்த, சுருள் மயிரை நேராக்கும் சூட்டுச்சீப்பு என்னும் ஒரு பித்தளைச் சீப்பின் வரலாற்றையும் அறிந்தாலன்றி அந்த அறிவு பூரணமாகாது.

சுருள் மயிரின் இயல்பை முதலில் தெரிந்துகொள்வது அவசியம். தலையின் தோலில் சுரக்கும் இயற்கை நெய், நேரான மயிரில் நுனிவரை எளிதாக இறங்கிவிடும். நெருங்கிச் சுருண்ட மயிரிலோ, வளைந்து வளைந்து ஓடும் வாய்க்காலின் நீர் கடைமடை சேரத் தாமதிப்பதுபோல, அந்நெய் பாதி வழியிலேயே தங்கிவிடுவதால் நுனிப்பகுதி வறண்டுபோகிறது. அன்றியும், ஒவ்வொரு திருப்பத்திலும் மயிர்த்தண்டு பலம் குன்றியிருப்பதால், முரட்டுத்தனமாக வாரினால் அது அவ்விடத்திலேயே அறுந்துவிடும். ஆகவே எண்ணெயும் ஈரப்பசையும் இன்றி அம்மயிர் நீண்டு வளர்வது துர்லபம்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், தங்கள் தேசத்துச் சீப்புகளையும் தைலங்களையும், தலைவாரிக்கொள்ளும் ஓய்வையும் ஒருங்கே இழந்தார்கள். பருத்திக்காட்டில் விடியற்காலை முதல் அந்திவரை உழைத்தவர்களுக்குத் தலையைக் கவனிக்கப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே கிடைத்தது. பன்றிக்கொழுப்பையோ வெண்ணெயையோ தடவி, ஆட்டுரோமம் சிக்கெடுக்கும் கருவியால் அவர்கள் மயிரைக் கோதிக்கொண்டார்கள். விடுதலை பெற்றிருந்த பெண்களுக்கும் இவ்விஷயத்தில் பூரண சுதந்திரம் இருந்ததாகச் சொல்ல இயலாது. லூயிசியானாவின் ஸ்பானிய கவர்னராக இருந்த எஸ்தெபான் மிரோ, அப்பெண்கள் கூந்தலில் இறகும் நகையும் சூடலாகாது என்றும், தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் 1786-ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தார். அப்பெண்கள் அந்தத் துணியையே பல வர்ணங்களில் தேர்ந்து, அழகாக முடிந்து, இழிவுக்கென்று விதிக்கப்பட்டதை அலங்காரமாக மாற்றிக்கொண்டது அவர்களுடைய மனோதிடத்துக்குச் சான்றாகும்.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. குழாய்நீர் இல்லாத குடிசைகளில், காரம் மிகுந்த சவுக்காரத்தை உபயோகித்து, அபூர்வமாகவே தலை குளிக்க முடிந்தவர்களுக்குப் பொடுகும் புண்ணும் கண்டு மயிர் உதிர்ந்தது. இந்தத் துன்பத்துக்குப் பரிகாரம் தேடிப் புறப்பட்டவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர், 1902-இல் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறி, தாம் தயாரித்த தைலத்தை வீடு வீடாகச் சென்று விற்ற ஆனி டர்ன்போ மலோன் அம்மையார்; 1918-இல் அந்நகரில் போரோ கல்லூரி என்ற பெரிய கலாசாலையை நிறுவிய பெருமையும் அவரைச் சேர்ந்தது. மற்றவர், அவருடைய தைலத்தைச் சிலகாலம் விற்று வந்தவரும், பிற்காலத்தில் மேடம் ஸி. ஜே. வாக்கர் என்று உலகம் அறிந்தவருமான ஸாரா பிரீட்லவ். 1867-இல், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து, ஏழு வயதில் அநாதையாகி, இருபதாம் வயதில் கணவனை இழந்து, துணி வெளுத்து ஜீவனம் செய்த அவர், தம் தலைமயிர் உதிர்வதைக் கண்டு மனம் நொந்தவர். அவர் விற்ற மருந்தில் வாசலினும் கந்தகமும் பிரதானமாக இருந்தன; ஒன்று தலைத்தோலின் வறட்சியைத் தடுப்பது, மற்றொன்று பொடுகையும் புண்ணையும் போக்குவது.

சூட்டுச்சீப்பைக் கண்டுபிடித்தவர் வாக்கர் அம்மையாரே என்று பலரும் எழுதியிருப்பது சரியன்று. காய்ச்சிய இடுக்கியால் மயிரை அலையலையாக வளைக்கும் வித்தையைப் பாரிஸ் நகரத்து மார்செல் கிராட்டோ 1870-களிலேயே பிரபலப்படுத்தியிருந்தார். சூட்டுச்சீப்பும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கடைகளுக்கு வந்துவிட்டது. அம்மையார் செய்தது அதனினும் மேலான காரியம்: தலையைச் சுத்தி செய்தல், தோலுக்கு மருந்திடுதல், மயிரைத் துலக்குதல், பிறகே சூட்டுச்சீப்பால் வாருதல் என்று ஒரு கிரமத்தை வகுத்து, அதை ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தொழிலாகக் கற்பித்தார். மயிரை நேராக்குபவர் என்று பிறர் தம்மைக் குறிப்பிடுவதை அவர் விரும்பவில்லை. மயிரை வளர்ப்பதே தம் நோக்கம் என்றார். 1919-இல் இறப்பதற்குச் சற்று முன்பு, கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொலைசெய்யும் கொடுமையை எதிர்க்கும் நிதிக்கு 5,000 டாலர் அளிப்பதாக அவர் வாக்களித்தார்.

இனி, அச்சீப்பு வேலை செய்யும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். தலையை நன்றாகக் குளிப்பாட்டி, முற்றிலும் உலர்த்தி, கூந்தலைச் சிறு சிறு பகுதிகளாக வகிர்ந்து, ஒவ்வொன்றிலும் விரலால் மெல்லிதாக எண்ணெய் தொட்டுத் தடவுவார்கள். மரப்பிடி போட்ட பித்தளைச் சீப்பை அடுப்பில் காய்ச்சி, முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். காகிதம் கருகினால் சீப்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பற்களை மயிரில் நுழைத்து, மணிக்கட்டைத் திருப்பி, சீப்பின் முதுகுப்புறத்தால் அழுத்தி இழுப்பார்கள். மயிரை நேராக்குவது அந்த முதுகுதான். காதோரத்தை வாரும்போது குழந்தை தன் காது மடலைத் தானே மடக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும். பண்டிகைக்கு முந்தின இரவில் ஒரு வீட்டின் அத்தனை பெண்குழந்தைகளும் அந்த நாற்காலியில் முறைவைத்து உட்கார்ந்து எழுவார்கள்.

இவ்வழக்கத்தில் அநுபவம் கண்டறிந்ததைப் பின்னர் விஞ்ஞானம் விளக்கிற்று. மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதிலுள்ள சில மெல்லிய பிணைப்புகள் சூட்டில் அவிழ்ந்து, நேரான நிலையில் மீண்டும் பிணைகின்றன. நீர் பட்டதும் அவை பழைய நிலைக்குத் திரும்பிச் சுருள் மறுபடியும் தோன்றும். மழைக்கும் வியர்வைக்கும் அப்பெண்கள் அஞ்சியதும், இரவில் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு உறங்கியதும் இதனாலேயே. ஈரமான மயிரில் மிகுந்த சூடு பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிட்டு மயிர்த்தண்டையே உடைத்துவிடும். ஆகவே முன்னதாக மயிருக்கு ஊட்டமளித்து, பின்பு நன்றாக உலர்த்திய பிறகே சூட்டை அணுக வேண்டும். மிதமிஞ்சிய சூடு பலமுறை பட்டால் புரதம் கெட்டு, சுருள் என்றைக்கும் திரும்பாது போகும். எண்ணெயைப் பற்றியும் ஒரு காலத்தில் அச்சம் இருந்தது. சூட்டில் உருகிய எண்ணெய் மயிர்க்காலில் இறங்கித் தலை வழுக்கையாகிறது என்று 1968-இல் தோல்மருத்துவர்கள் எழுதினார்கள். சூட்டுச்சீப்பைத் தொடாதவர்களுக்கும் அந்நோய் வருவதைக் கண்ட பிற்கால மருத்துவர்கள் அக்கொள்கையைத் திருத்திக்கொண்டார்கள்.

இத்தொழிலின் மகிமை அழகோடு முடிந்துவிடவில்லை. கூந்தல் நிலையத்தை நடத்திய பெண்ணுக்குக் கூலி கொடுத்தவர்கள் தம் இனத்துப் பெண்களே ஆதலால், வெள்ளை முதலாளி எவரும் அவளை வேலையிலிருந்து நீக்கி அச்சுறுத்த இயலவில்லை. தென் கரோலினா மாகாணத்தில், எழுத்தறிவுத் தேர்வைச் சாக்கிட்டு வாக்குரிமை மறுக்கப்பட்டவர்களுக்காக 1957-இல் ஜான்ஸ் தீவில் திறக்கப்பட்ட பிரஜைகள் பள்ளியின் முதல் ஆசிரியை, பெர்னிஸ் ராபின்ஸன் என்ற கூந்தல் அலங்காரக்காரரே.

1950-களின் இறுதி முதல் இரசாயனக் களிம்புகள் சூட்டுச்சீப்பின் இடத்தைப் பிடித்தன. 1960-களில் எழுந்த இளைய தலைமுறை, சுருளை இயற்கையாகவே விடுவது தன்மானம் என்று முழங்கிற்று. இன்று மின்சார இஸ்திரிக் கருவிகள் சூட்டை அளந்து கொடுக்கின்றன. இயற்கையான கேசத்தோடு பள்ளிக்கும் உத்தியோகத்துக்கும் செல்வோரைப் பேதமாக நடத்தலாகாது என்று 2019-இல் கலிபோர்னியா சட்டம் செய்தது. சுருளாக விடுவதா, நேராக்குவதா என்பது அந்தந்தப் பெண்ணின் விருப்பத்தைப் பொறுத்தது. அதில் தலையிட எந்த அரசுக்கும் முதலாளிக்கும் உரிமையில்லை. நேராக்கத் துணிந்தவர்களுக்கு ஒரு நூற்றாண்டின் அநுபவம் வழங்கும் உபதேசம் மட்டும் சுருக்கமானது: முதலில் ஊட்டம், அடுத்து உலர்த்தல், கடைசியில் அளவான சூடு. இந்தக் கிரமத்தை மாற்றியவர்களின் கூந்தல் நிலைத்ததில்லை.