வேதக்கோயிலும் கொட்டகைப் பாட்டும்

ஊவா மலைத்தொடரின் தென்சரிவிலே, பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே, தேயிலைப் பசுமை போர்த்துக் கிடக்கும் இடம் பூனாகலை. அதன் பெயரைத் தாங்கிய ஓயாவே கீழிறங்கிச் சென்று, 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும அருவியாக வீழ்கின்றது. காண்பார்க்கு அருவி ஒன்றுதான். ஆயினும் அதில் வீழும் நீர் எத்தனையோ சிற்றோடைகளின் நீராகும். இன்ன துளி இன்ன மலைக்குரியது என்று பிரித்துக் கூற வல்லார் யாருமிலர். மெட்டுகளின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே.

மலையகத் தோட்டங்களில் கிறிஸ்தவ ஆலயத்தை மக்கள் 'வேதக்கோயில்' என்பர். நத்தார்க் காலத்தில் அக்கோயிற் பாடகர் குழு வீடு வீடாகச் சென்று பாடும்போதும், ஒளிவிழா மேடையில் ஏறும்போதும், பழைய வழக்கு ஒன்று புதிதாக எழுவதுண்டு. குழுவினர் பாடிய பாட்டின் சொற்கள் வேதத்துக்குரியவை, மெட்டோ திரைப்படத்துக்குரியது. சில வேளைகளில் சொல்லும் மெட்டும் இரண்டுமே திரைப்படத்துக்குரியனவாய் இருக்கும். இளைஞர் கைதட்டுவர், மூத்தோர் முகஞ்சுளிப்பர். கோயிலில் ஒலிக்கத் தக்க இசை எது, கொட்டகையோடு நிற்க வேண்டிய இசை எது என்னும் வினா அங்கே பிறக்கின்றது. இவ்வினா மலையகத்தில் முளைத்ததன்று, சினிமாவோடு வந்ததுமன்று. அதன் வேர் பல நூற்றாண்டுகள் ஆழமுடையது.

ஐரோப்பாவிலே 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில், ஆயுதந்தாங்கிய வீரனைப் பற்றிய உலகியற் பாட்டு ஒன்றின் மெட்டை அடிப்படையாகக் கொண்டு, டுஃபே, ஜோஸ்கன் முதலிய பேரிசைவாணர்கள் திருப்பலி இசைகளை யாத்தனர். இவ்வாறான கலப்புப் பெருகியதைக் கண்ட திரெந்துப் பொதுச்சங்கம், 1562ஆம் ஆண்டில், தகாத உணர்ச்சியைத் தூண்டும் இசையை ஆலயத்தினின்றும் விலக்குமாறு பணித்தது. விலக்கினும் மெட்டுகள் ஓய்ந்தனவல்ல. 1601ஆம் ஆண்டில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்னும் ஜெர்மானியர் காதலால் மனங்கலங்கிய ஒருவனின் பாட்டாக ஒரு மெட்டை வெளியிட்டார். அதே மெட்டு, பவுல் கெர்ஹார்ட் 1656இல் வெளியிட்ட, முண்முடி சூடிய இயேசுவின் சிரசைப் பாடும் பாட்டுக்கு உரியதாயிற்று. 1727இல் பாக் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசையிலே அது மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. இன்று பெரிய வெள்ளியன்று அதனைக் கேட்டுக் கண்ணீர் உகுப்போர் எவரும் அதன் பழைய காதலனை நினைப்பதில்லை. காலம் என்னும் வண்ணான் மெட்டுகளையும் வெளுத்துத் தருகின்றான்.

தமிழ்நாட்டு வரலாற்றைப் பார்ப்போம். கிறிஸ்தவத் தமிழரிடையே 'ஞானப்பாட்டு' என்றும் 'கீர்த்தனை' என்றும் இருவகைப் பாடல்கள் வழங்குகின்றன. முன்னது ஐரோப்பிய மெட்டில் அமைந்தது. பின்னது இராகமும் தாளமும் தலைப்பிலே குறிக்கப்பட்டது. கீர்த்தனை மரபுக்கு வித்திட்டோருள் தலையாயவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவர் பாடிய நூல்களுள் ஒன்று 'பெத்லகேம் குறவஞ்சி'. குறவஞ்சி என்பது ஆடலும் பாடலும் நிறைந்த மேடை வடிவம். குறத்தி குறி சொல்லும் நாடகம். அந்நாளின் மக்கள் விரும்பிய அவ்வடிவத்தையே அவர் வேதப் பொருளுக்குக் கலமாக்கினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பார் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின், அவை ஊர்தோறும் பரவின. இன்று திரைமெட்டைக் கண்டு வெகுளும் மூத்தோர், 'எங்கள் தூய பழைய கீர்த்தனை' என்று போற்றுவது எதுவோ, அதுவும் ஒரு காலத்தில் மேடையிலும் அரங்கிலும் உலவிய இசையின் வழித்தோன்றலே.

கத்தோலிக்கரிடத்தும் இதனையொத்த செய்தி உண்டு. 1705இல் இலங்கைக்கு வந்த கோவைநாட்டு, அதாவது கோவா நாட்டு, யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் புலமை எய்தி, 'வியாகுலப் பிரசங்கம்' முதலிய நூல்களை ஆக்கினார். திருப்பலி இலத்தீன் மொழியிலே நிகழ்ந்த காலத்தில், தவக்காலத்து அழுகையும் ஆறுதலும் மக்களின் சொந்த மொழியில் வெளிப்பட அத்தகைய நூல்களே வழிசெய்தன.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். கோப்பிப் பயிர் செழித்த நாளில், 1854ஆம் ஆண்டிலே, 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் பெயரால் ஆங்கிலத் திருச்சபையின் பணி மலைநாட்டில் தொடங்கிற்று. அப்பெயரே அம்மக்களை உலகம் எவ்வாறு நோக்கியது என்பதற்குச் சான்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே நடந்து வந்தோர், மூட்டை முடிச்சுகளோடு தெம்மாங்கையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கொண்டுவந்தனர், காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் கொண்டுவந்தனர், தப்பையும் கொண்டுவந்தனர்.

தப்பின் கதை சிந்திக்கத் தக்கது. விடியுமுன் லயன்களிலே தப்பு முழங்கும். அது 'பிரட்டுத் தப்பு'. வேலைக்கு ஆள் திரட்டும் முழக்கம். தொழிலாளரை எழுப்புவதற்குத் துரைமாருக்கு அத்தப்பு உதவிற்று. பிறப்புக்கும் இறப்புக்கும் கூத்துக்கும் அது மக்களுக்கு உதவிற்று. ஆயினும் ஞாயிறன்று வேதக்கோயிலின் உள்ளே அதற்கு இடங்கிட்டியது அரிது. சாதி இழிவு அதன் தோலோடு ஒட்டவைக்கப்பட்டிருந்தமையே காரணம். அதன் இடத்தில் ஆர்மோனியம் வீற்றிருந்தது.

ஆர்மோனியமோ நாடோடி. 1840இல் பாரிஸ் நகரத்து தெபேன் என்பார் உரிமைபெற்ற கருவி அது. மதப் பணியாளரின் பெட்டியிலே கீழைநாட்டுக்கு வந்து, கோயிலினின்று நாடகக் கொட்டகைக்கும், அங்கிருந்து சினிமா இசைக்கூடத்துக்கும் அது சென்றது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது. ஓரிடத்தில் புனிதக் கருவியாகவும், ஓரிடத்தில் கூத்தாடியின் கருவியாகவும், பிறிதோரிடத்தில் தீண்டத்தகாத கருவியாகவும் விளங்கியது ஒரே பெட்டிதான்.

1931இல் 'காளிதாஸ்' திரைக்கு வந்தது. தமிழ்ச் சினிமா பேசவும் பாடவும் தொடங்கிற்று. கருநாடக இசை, நாடக மெட்டு, இந்திப் பாட்டு, மேனாட்டு நடனவிசை, தெம்மாங்கு ஆகிய யாவற்றையும் அது தன் உலையிலிட்டு உருக்கியது. தோட்ட மக்களும் இம்மெட்டுகளை வெறும் கேளிக்கையாக மட்டும் கொள்ளவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், இந்தியத் தமிழரின் இலங்கை வாழ்க்கை நிலையைப் பாடும் பாடல்களை 1940இல் நூலாக வெளியிட்டார். மக்களுக்கு முன்னரே பழகியிருந்த மெட்டுகளில் அமைந்த பாடல்கள் அவை. எழுத்தறியாதாரும் முதல்முறை கேட்டவுடனே கூடிப் பாடும்படி செய்வதே அவர் நோக்கம். பாடகர் குழு ஒன்று திரைமெட்டை நாடும் காரணமும் அதுவே. பகலெல்லாம் கொழுந்து பறித்த கைகளுக்கு, இசைக்குறிப்புப் புத்தகத்தைப் புரட்ட ஓய்வேது?

மெட்டுகளை மலைக்கு ஏற்றியது வானொலி. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் பிறந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு இரசனையைக் கெடுக்கும் எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அதற்குரிய நேரத்தைக் குறுக்கினார். நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். ஐந்தாண்டுகளின் பின், 1957 ஒக்டோபர் 3ஆந் திகதி, விவித் பாரதி சேவையைத் தொடங்கி இந்திய வானொலி தன் கதவைத் திறந்துவிட்டது. கோயிற் கதவு மட்டும் மூடப்பட்டிருந்ததென்பது தவறு. கலை காக்கும் அரசின் கதவும் அந்நாளில் மூடப்பட்டே கிடந்தது.

இதற்கிடையே திரையே கோயிலை நாடி வந்தது. 1948இல் சிட்டாடல் நிறுவனத்தாரின் 'ஞானசௌந்தரி' வெளிவந்தது. எஸ். வி. வெங்கட்ராமன் இசையில், தேவமாதாவை நோக்கி மன்றாடும் ஒரு பாட்டு அப்படத்திலே உண்டு. சிறுமியின் குரலாய் ஜிக்கியும், வளர்ந்த மங்கையின் குரலாய் பி. ஏ. பெரியநாயகியும் அதனைப் பாடினர். கொட்டகையில் பிறந்த அப்பாட்டு, கத்தோலிக்க இல்லங்களிலே செபப் பாட்டாகவே குடியேறிற்று. சினிமாப் பாட்டென்று அதனை விலக்கத் துணிந்தோர் மிகச் சிலரே.

அந்த 1948ஆம் ஆண்டு மலையக மக்களுக்கு வேறொரு வகையிலும் மறக்கவொண்ணாதது. குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய ஆண்டு அது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 300,000 பேர் இங்கே குடியுரிமை பெறவும், எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்க்கப்படவும் இரு அரசுகளும் இசைந்தன. லயன்கள் பிரிந்தன, குடும்பங்கள் பிரிந்தன. ஒரே குழுவிலே நின்று பாடியோர், ஒருவர் மலையிலும் ஒருவர் கடலுக்கப்பாலும் ஆயினர். வாக்கும் இன்றி, நிலமும் இன்றி, தங்கும் நாடு எதுவென்ற உறுதியும் இன்றி வாழ்ந்த மக்கட்கு, கூடி நின்று பாடுதல் சிறுசெயலன்று. ஊர் அவர்களைப் பெயர்ப் பட்டியலில் எண்ணிய காலத்தில், குரலாக எண்ணப்பட்ட இடங்கள் சிலவே. வேதக்கோயிற் பாடகர் குழு அவற்றுள் ஒன்று.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெருமாற்றமும் அக்காலத்திலேயே நிகழ்ந்தது. 1903இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் நாடகபாணி இசையை ஆலயத்திலிருந்து விலக்கி, பியானோவையும் முரசு போன்ற ஆரவாரக் கருவிகளையும் தடுத்திருந்தார். 1963 டிசம்பர் 4ஆந் திகதி வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனமோ, மக்களின் சொந்த இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்குமாறு கூறிற்று. 1967இன் இசை அறிவுறுத்தல், உலகியலுக்கே உரியவை எனப் பொதுவாகக் கருதப்படும் கருவிகளை விலக்கியும் வைத்தது. இலத்தீன் அகன்றது, தமிழ்த் திருப்பலி வந்தது, புதிய பாடல்கள் வேண்டியதாயிற்று. செவியிலே நாள்தோறும் ஒலித்த மெட்டை இளைஞர் கைக்கொண்டதில் வியப்பில்லை. 1971இல் வெளிவந்த 'அன்னை வேளாங்கண்ணி' போன்ற படங்கள், கோயிலுக்கும் கொட்டகைக்கும் இடையே இருந்த வேலியை இன்னும் தாழ்த்தின.

மறுப்போர் கூற்றிலும் உண்மையுண்டு. அண்மையில் கேட்ட மெட்டு தன் பழைய சொற்களை உதறுவதில்லை. செபிப்பவன் உள்ளத்தில் நாயகனும் நாயகியும் நுழைந்துவிடுவர். ஹாஸ்லரின் மெட்டுக்குக் கிடைத்த நூறாண்டு, நேற்றைய படத்தின் மெட்டுக்குக் கிடைத்திலது. மேலும், கடன்வாங்கப் பழகிய குழு சொந்தமாய் ஆக்க மறந்துவிடும். பிறர் உழைப்பைக் கேளாது எடுப்பதும் முறையன்று. விழா மேடையில் திரைப்பாட்டைத் திரைப்பாட்டாகவே பாடுவது ஒன்று. அதே மெட்டைப் பலிபீடத்தின் முன் வேடமிட்டு நிறுத்துவது வேறொன்று. முன்னதில் மறைப்பில்லை, எனவே குற்றமும் இல்லை. இரண்டையும் பிரித்துணராமையாலேயே பூசல்களிற் பெரும்பாலன எழுகின்றன.

ஆயினும் பூசலிடும் இரு சாராரும் மறந்த பொருளொன்று உண்டு. மதுரை இறையியற் கல்லூரியில் பணியாற்றியவரும், 'பரட்டை' என மக்கள் அன்புடன் அழைத்தவருமான தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அதனைச் சுட்டினார். கீர்த்தனை கற்றோர்க்குரியதாய் நிற்க, ஏழை மக்களின் நாட்டார் இசை வாயிலுக்கு வெளியே நின்றதை அவர் கண்டார். ஒடுக்கப்பட்டோரின் பறையையும் கிராமிய மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். நாட்டார் பாட்டைப் பாடுவோன் தன் துயருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அதற்கு எவரிடமும் விடைகேட்க வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து.

2005இல் மற்றொரு விந்தையும் நிகழ்ந்தது. சைவத் திருமுறையான திருவாசகத்தை, திரையிசையமைப்பாளர் இளையராஜா, ஐரோப்பியக் கோயிலிசை வளர்த்த வடிவிலே, புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழுவைக் கொண்டு அமைத்தார். அதனை வெளியிட்ட தமிழ் மையத்தை நடத்தியவர் ஜெகத் கஸ்பர் என்னும் கத்தோலிக்கக் குரு. மணிவாசகர் கோயிலும், வேதக்கோயிலும், கொட்டகையும் ஒரு மேடையிலே சந்தித்தன. நாணயம் எக்கடைக்குப் போயினும் செல்லுமாயின் அது நல்ல நாணயமே, மெட்டும் அத்தகையது.

2003ஆம் ஆண்டுச் சட்டம், நாடற்றோராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை அளித்தது. நாட்டில் இடங்கிடைத்தது. இனி, அம்மக்களின் சொந்த மெட்டுக்கு அவர்தம் கோயிலிலும் இடங்கிடைத்தல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வழிகாட்டிச் சென்றார். பூனாகலையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் முதுகிழவியரிடம் எழுதப்படாத தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். பாடகர் குழுவினர் திரைமெட்டைப் பயிலும் மாலைகளுள் ஒன்றை அவர்களுக்கென ஒதுக்கி, ஏடும் எழுதுகோலும் கொண்டு அவர்கள் அருகே அமர்வாராயின், அடுத்த நத்தாருக்கு எவரிடமும் கடன்பெற வேண்டாத மெட்டு ஒன்றேனும் அவர்கள் கைக்கு வந்து சேரும்.