டெவன் வயிற்றுவலி: ஆப்பிள் மதுவில் கரைந்த காரீயம்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டம் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர் போனது. ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் சைடர் என்ற மதுதான் அந்தக் காலத்தில் அங்கே உழைப்பாளிகளின் அன்றாட பானம். பண்ணைக் கூலியில் ஒரு பங்கைக்கூட சைடராகவே கொடுத்தார்கள்.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இந்த மக்களை ஒரு விசித்திர நோய் வாட்டியது. முதலில் குடலை முறுக்கும் வலி, நாள்கணக்கில் மலச்சிக்கல். அப்புறம் கை கால்களில் வலி, தளர்ச்சி. மணிக்கட்டு செயலிழந்து கை தொங்கிப் போகும். முற்றினால் வலிப்பு, புத்தித் தடுமாற்றம், சிலருக்கு மரணம். வயிறு, தசை, மூளை என்று மூன்று இடத்தில் தாக்குவது ஒரே நோயா என்பதே பெரிய குழப்பம்.

சைடருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது ஊருக்கே தெரியும். 1724-இல் ஆப்பிள் அமோகமாக விளைந்தது, நோயும் அமோகமாகப் பரவியது. அதைப் பார்த்த பிளிமத் மருத்துவர் ஜான் ஹக்ஸம் 1739-இல் எழுதிய நூலில் சைடரின் புளிப்பே காரணம் என்றார். நம்பும்படியான பதில்தான். அதனால்தானோ என்னவோ, பல வருடங்கள் யாரும் மேற்கொண்டு தோண்டவில்லை.

தோண்டியவர் ஜார்ஜ் பேக்கர். டெவனில் பிறந்து லண்டனில் பெயரெடுத்த மருத்துவர். அவர் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. ஹெரஃபோர்டிலும் குளோஸ்டரிலும்கூட சைடர் குடிக்கிறார்களே, அங்கே ஏன் இந்த நோய் இல்லை? புளிப்புதான் காரணம் என்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டுமே!

வித்தியாசம் ஆலையில் இருந்தது. டெவனில் ஆப்பிள் அரைக்கும் கல்தொட்டிகளின் இணைப்புகளைக் காரீயம் ஊற்றி அடைத்தார்கள். சாறு பிழியும் பொறிகளில் காரீயத் தகடு பதித்தவர்களும் உண்டு. ஹெரஃபோர்ட் ஆலைகளில் இந்த வழக்கம் இல்லை. புளித்த சாறு காரீயத்தை மெல்ல அரித்துக் கரைக்கும். அப்படிக் கரைந்த உப்பு இனிக்கும் என்பதால் நாக்கும் எச்சரிக்காது. வண்ணம் பூசுபவர்கள் போல காரீயத்தோடு புழங்கும் தொழிலாளர்களுக்கு இதே வயிற்றுவலியும் கைவாதமும் வருவதையும் பேக்கர் கவனித்திருந்தார். இரண்டு ஊர் சைடரையும் ரசாயனச் சோதனை செய்தார். டெவன் சைடரில் காரீயம் இருந்தது, ஹெரஃபோர்ட் சைடரில் இல்லை. 1767-இல் லண்டன் மருத்துவர் கல்லூரியில் இதைக் கட்டுரையாக வாசித்தார்.

சொந்த ஊர் கொண்டாடியதா? அதுதான் இல்லை. சைடர் வியாபாரத்தைக் கெடுக்க வந்தவர் என்று திட்டினார்கள். பிளிமத் அறுவை மருத்துவர் ஃபிரான்சிஸ் கீச் அதே வருடம் மறுப்பு எழுதினார். தாமஸ் ஆல்காக் என்ற பாதிரியார் 1769-இல் தனிப் புத்தகமே போட்டார். ஆனாலும் ஆலைகளிலிருந்து காரீயம் மெல்ல மெல்ல வெளியேறியது, நோயும் குறைந்தது. 1818 வாக்கில் டெவனில் அது கிட்டத்தட்ட மறைந்தே விட்டது.

பேக்கரின் கதையில் இன்னொரு திருப்பம். 1788 அக்டோபரில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு உடல்நலம் கெட்டபோது முதலில் அழைக்கப்பட்டவர் அவர்தான். கடும் வயிற்றுவலி, கால் பிடிப்பு, பலவீனம், பிறகு ஓயாத பேச்சும் சித்தக் கலக்கமும். ஏறக்குறைய அதே மூன்று இடங்கள்! இந்த முறை பேக்கருக்குக் காரணம் பிடிபடவில்லை. 1966-இல் ஐடா மெக்கால்பின், ரிச்சர்ட் ஹன்டர் இருவரும் மன்னருக்கு இருந்தது போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் என்றார்கள். ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீம் உருவாகும் வேதிச் சங்கிலி அறுபடுவதால் வருவது அது. காரீயம் தடுப்பதும் அதே சங்கிலியைத்தான் என்பதால் இரண்டின் அறிகுறிகளும் ஒத்துப்போகும். ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் போர்ஃபிரியா என்பதை ஏற்கவில்லை, அது மனநோய்தான் என்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.