சராசரிக்குள் மறையும் மாணவர்: பள்ளி ரோபாட்டிக்ஸ் அணிகளில் ஈடுபாட்டை அளப்பது பற்றி

பள்ளி ரோபாட்டிக்ஸ் அணியில் மாணவர்கள் எவ்வளவு ஒன்றியிருக்கிறார்கள் என்று அறிய எளிதாகக் கைக்கு வரும் வழி ஒன்று உண்டு. போட்டிப் பருவம் முடிந்ததும் ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாத்தாள் கொடுத்து, விடைகளைக் கூட்டி, அணிக்கு ஒரு சராசரி காண்பதுதான் அது. அந்தச் சராசரியை மட்டும் வைத்து ஓர் அணியை மதிப்பிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அணிக்குள் ஈடுபாடு சீராகப் பரவியிருப்பதில்லை. யார் கையில் கருவி இருக்கிறது, யார் சொல் எடுபடுகிறது என்பதைப் பொறுத்து அது சிலரிடம் குவிகிறது, சிலரிடம் வற்றிப்போகிறது. அளக்க வேண்டியது அந்த ஏற்றத்தாழ்வைத்தான்.

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியை எடுத்துக்கொள்வோம். டீன் கேமன் 1989-இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் 28 அணிகளோடு முதல் போட்டியை நடத்தியது. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய ஆட்டம் அறிவிக்கப்படும். சில வாரங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஐம்பது கிலோவுக்கு மேலும் எடை வரக்கூடிய ரோபோ ஒன்றைக் கட்டி முடிப்பார்கள். களத்தில் மூன்று அணிகள் சேர்ந்து ஒரு கூட்டணி, அதற்கு எதிராக இன்னொரு கூட்டணி. பல ஆண்டுகளாக ஓர் ஆட்டத்தின் நீளம் இரண்டரை நிமிடமாக இருந்தது. அதில் முதல் 15 விநாடி ரோபோ தானே இயங்க வேண்டியிருந்தது. களத்தின் ஓரத்தில் நிற்க ஓர் அணியிலிருந்து ஐந்து பேருக்குமேல் அனுமதியில்லை. முப்பது மாணவர்கள் உள்ள அணியில் மற்ற இருபத்தைந்து பேர் எங்கே இருக்கிறார்கள்?

சிலர் ‘பிட்’ எனப்படும் சிறு பணியிடத்தில் இருக்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் அணி சிவப்புக் கூட்டணியா நீலமா என்பதைப் பொறுத்து ரோபோவைச் சுற்றியுள்ள பம்பரை மாற்றுவார்கள், 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைப்பார்கள், தளர்ந்த ஒயர்களை இழுத்துப் பார்ப்பார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் நேரம் குறைவு. தெரிந்த கைதான் ஸ்பானரை எடுக்கும். புதிதாகச் சேர்ந்தவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கேட்ட கருவியை எடுத்து நீட்டுவார். இன்னும் சிலர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, ஆளுக்கு ஒரு ரோபோ என்று பிரித்துக்கொண்டு, எது எத்தனை முறை புள்ளி எடுத்தது என்று குறிக்கிறார்கள். வேறு சிலர் நடுவர்களுக்கு முன் அணியைப் பற்றிப் பேசத் தயாராகிறார்கள். இது சிறு வேலையன்று. முன்பு சேர்மன் விருது என்றும் இப்போது இம்பாக்ட் விருது என்றும் வழங்கும் உயரிய விருது, ரோபோவின் திறனுக்காக அன்றி, அணி தன் சமூகத்தில் செய்த பணிக்காகவே தரப்படுகிறது.

இத்தனை வகையான வேலைகளுக்கு ஒரே வினாத்தாள். ஈடுபாடு பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளமான பகுப்பு, ஃப்ரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் ஆகிய மூவரும் 2004-இல் எழுதிய கட்டுரையில் உள்ளது: நடத்தை, உணர்வு, அறிவு என்று ஈடுபாட்டுக்கு மூன்று முகங்கள். வகுப்பறைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. அங்கே எல்லோர் முன்னும் ஒரே பாடம். அணியில் வேலை பிரிந்து கிடக்கிறது. ‘நான் கடுமையாக முயல்கிறேன்’ என்ற கூற்றுக்கு நிரல் எழுதுபவர் கொடுக்கும் 5-உம், பார்வையாளர் வரிசையில் குறிப்பெடுப்பவர் கொடுக்கும் 5-உம் ஒரே எண்தான், ஆனால் ஒரே பொருளைச் சொல்வதில்லை. இந்தச் சூழலுக்கு இன்னும் நெருக்கமானது ரீவ், செங் இருவரும் 2011-இல் சேர்த்த நான்காவது முகம்: கற்பவர் தன் யோசனையைச் சொல்லிக் கற்பிக்கும் போக்கையே மாற்றுவது. பெரியவர்களான வழிகாட்டிகள் வடிவமைப்பை எவ்வளவு தாங்களே தீர்மானிக்கலாம் என்ற விவாதம் இந்தப் போட்டி வட்டத்தில் நெடுநாளாக ஓயவில்லை. ‘நீ சொன்ன எந்த யோசனை ரோபோவில் இருக்கிறது?’ என்று நேராகக் கேட்டால், பத்து மனநிலைக் கூற்றுகள் தராத செய்தி கிடைக்கும் என்றே கருதுகிறேன்.

சராசரி எதை மறைக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். இருபது பேர் கொண்ட இரண்டு அணிகளைக் கற்பனை செய்வோம். முதல் அணியில் எல்லோரும் 4 கொடுக்கிறார்கள். இரண்டாவதில் பதினான்கு பேர் 5, நான்கு பேர் 2, இரண்டு பேர் 1. இரண்டுக்கும் சராசரி 4 தான். திட்டவிலக்கமோ முதல் அணியில் சுழி, இரண்டாவதில் ஏறத்தாழ 1.55. இரண்டாவது அணியில் ஆறு மாணவர்கள் உள்ளே இருந்தும் வெளியே நிற்கிறார்கள். அறிக்கையில் அவர்கள் இல்லை. அந்த ஆறு பேர் யார் என்பதும் பெரும்பாலும் தற்செயல் ஆகாது. ஸ்டான்ஃபோர்டின் எலிசபெத் கோஹன் குழுக் கற்றலை ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: திறமையுள்ளவர் என்று முன்கூட்டியே கருதப்படுபவர் அதிகம் பேசுகிறார், அதிகம் தொடுகிறார், அதனால் அதிகம் கற்கிறார், மற்றவர் பின்தங்குவது அவருடைய ஆர்வக் குறைவாகவே தோன்றிவிடுகிறது. ஆகவே சராசரியோடு பரவலையும், வேலைப் பிரிவு வாரியான விடைகளையும் சேர்த்துத் தராத அறிக்கையை முழுமையானதாக ஏற்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லேவ், வெங்கர் இருவரும் 1991-இல் முன்வைத்த கருத்தின்படி, தொழிலின் விளிம்பில் நின்று பார்ப்பதும் முறையான பங்கேற்பே. தொழில் பழகும் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கருவியை எடுத்து நீட்டும் முதலாண்டு மாணவரை ஈடுபாடு இல்லாதவர் என்று எழுதிவிடுவது தவறுதான். ஆனால் விளிம்பிலிருந்து உள்ளே போக வழி இருக்கும்போதே அது கற்றல் ஆகிறது. ஒரே முறை எடுக்கும் அளவீட்டில் உள்ளே போகிறவரும் அங்கேயே நிறுத்தப்பட்டவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். பருவத் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் ஒருவர் செய்த வேலையைக் குறித்து வைத்தால் மட்டுமே இந்த மறுப்புக்கும் என் வாதத்துக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல முடியும்.

பருவ இறுதியில் மட்டும் கேட்பதில் வேறு குறைகளும் உள்ளன. விரும்பிச் சேர்ந்தவர்கள், களைத்து மகிழ்ந்திருக்கும் வேளையில் 4, 5 என்றே குறிப்பார்கள். அளவுகோலின் உச்சியில் எல்லோரும் நெருங்கி நின்றால் எந்த வேறுபாடும் புலப்படாது. அதைவிடச் சிக்கலானது, அளக்கும் மனமே மாறிவிடுவது. ஜனவரியில் ‘எனக்கு நிரலாக்கம் தெரியும்’ என்று 5 போட்ட மாணவி, உணரி தரும் பிழையான எண்களோடு வாரக்கணக்கில் போராடியபின் 3 போடுகிறாள். அறிவு வளர்ந்தது, மதிப்பெண் குறைந்தது. இதற்காகவே, முடிவில் நின்று ‘அப்போது நான் எப்படி இருந்தேன்’ என்று திரும்பிப் பார்த்து மதிப்பிடச் சொல்லும் முறையும் உளவியலில் உருவானது.

நடந்துகொண்டிருக்கும்போதே கேட்பதற்கும் முன்னோடி உண்டு. சிக்சென்ட்மிஹாயும் லார்சனும் வளர்த்த அனுபவ மாதிரி முறையில், எதிர்பாராத நேரத்தில் ஒலி எழும்; அந்தக் கணத்தில் என்ன செய்கிறோம், எப்படி உணர்கிறோம் என்று எழுத வேண்டும். கடைசல் இயந்திரத்தில் நிற்கும் மாணவரின் பையில் தொலைபேசி ஒலிப்பது ஆபத்து; ஆகவே பணிமனையில் இடைவேளை நேரங்களில்தான் கேட்க வேண்டும். மூன்றே கேள்விகள் போதும்: கடைசி அரை மணி நேரம் உன் கையில் என்ன இருந்தது, அதை யார் தீர்மானித்தார், நேரம் எப்படிப் போனது. நிரல் களஞ்சியத்தில் யார் எந்த வரியைச் சேர்த்தார் என்ற பதிவு தானாகவே கிடைக்கிறது. அதை நம்பிவிடவும் கூடாது. ஒரு விசைப்பலகையின் முன் இருவர் சேர்ந்து யோசித்தாலும் பெயர் ஒன்றுதான் பதிவாகும்.

பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபர்ஸ்ட் மாணவர்களை, அணியில் சேராத மாணவர்களோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அறிவியல், தொழில்நுட்ப ஆர்வத்தில் அணி மாணவர்கள் முந்துவதும், பெண்களிடம் அந்த வேறுபாடு கூடுதலாக இருப்பதும் அதில் தெரிகின்றன. மதிக்கத்தக்க பணி. பெண்களிடம் பயன் கூடுதல் என்பதாலேயே, அவர்களுக்கு அணிக்குள் எந்த வேலை கிடைக்கிறது என்ற கேள்வி இன்னும் அவசரமாகிறது.

பிரித்துக் காட்டுவதில் ஓர் அபாயமும் இருக்கிறது. மூன்று பெண்கள் மட்டுமே உள்ள அணியில் பால்வாரியாக முடிவுகளை வெளியிட்டால், யார் என்ன சொன்னார் என்பது மறுநாளே பணிமனைக்குத் தெரிந்துவிடும். வழிகாட்டியே தாள்களை வாங்கினால் விடைகள் அவரைத் திருப்திப்படுத்தவே எழுதப்படும். எனவே தாள்கள் அணிக்கு வெளியே இருப்பவரிடம் போக வேண்டும். சிறு எண்ணிக்கைப் பிரிவுகளைப் பல அணிகளோடு சேர்த்தே வெளியிட வேண்டும். பாதியில் விலகிய மாணவர்களையும் அவரே தேடிக் கேட்க வேண்டும். ஜனவரி வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கும், ஏப்ரல் வினாத்தாளில் இருக்காது. எந்த வாரத்தில் வருவதை நிறுத்தினார்கள், அந்த வாரம் அவர்களுக்கு என்ன வேலை தரப்பட்டிருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்காதவரை, ஓர் அணியின் ஈடுபாட்டு எண்ணை வெளியிடாமல் நிறுத்தி வைப்பதே நேர்மை.