ஏழாம் இன்னிங்ஸில் எழுந்த பாட்டு

1918 செப்டம்பர் 5, சிகாகோ. உலகப்போர் ஓயவில்லை. முந்தைய நாள்தான் நகரின் மத்திய அரசுக் கட்டடத்தில் குண்டு வெடித்து நால்வர் இறந்திருந்தார்கள். பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்துக்கு வந்தவர்களிடம் உற்சாகமே இல்லை.

ஏழாம் இன்னிங்ஸ் இடைவேளையில் வாத்தியக் குழு 'ஸ்டார் ஸ்பாங்கிள்ட் பேனர்' வாசித்தது. கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து பாஸ்டன் அணிக்கு ஆடிய ஃப்ரெட் தாமஸ் சட்டென்று கொடியை நோக்கி சல்யூட் அடித்தார். மற்ற வீரர்களும் நிமிர்ந்து நின்றார்கள். கூட்டம் மெல்லப் பாடத் தொடங்கி, முடிவில் ஆர்ப்பரித்தது. அன்று அது அமெரிக்காவின் தேசிய கீதம்கூட அல்ல. அந்தத் தகுதி 1931இல்தான் கிடைத்தது. சட்டத்தை மக்கள் முந்திக்கொண்டது அழகு!

தொடர் பாஸ்டனுக்கு நகர்ந்தபோது, அங்கே ஆட்டத்துக்கு முன்பே பாடல் ஒலித்தது. இரண்டாம் உலகப்போரில் அது அன்றாட வழக்கமானது.

1968இல் டெட்ராய்ட்டில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன், போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பார்வையற்ற பாடகர் ஹோசே ஃபெலிசியானோ கிட்டாருடன் அதைத் தன் பாணியில் பாடினார். கண்டனங்கள் குவிந்தன. அவரை அழைத்திருந்த வர்ணனையாளர் எர்னி ஹார்வெல் மறைந்தபோது, 2010இல் அதே நகரில் ஃபெலிசியானோ மீண்டும் அதையே பாடினார்.