காவிரிப் படுகையில் உரிமத் துப்பாக்கிகளும் விசைப்பூட்டும்

விசைப்பூட்டு என்பது துப்பாக்கியின் விசையை எவரும் இழுக்க இயலாதவாறு தடுக்கும் பூட்டு ஆகும். துப்பாக்கி விற்கும்போது இத்தகைய பூட்டையும் சேர்த்தே விற்க வேண்டுமா, வாங்கியவர் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டுமா என்பன ஐக்கிய அமெரிக்காவில் 1990களின் இறுதியில் இருந்து பெரிதும் விவாதிக்கப்பட்டு வரும் கேள்விகள். இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமத்தின்பாற்பட்டது. ஆகவே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் இக்கேள்வி வேறு வடிவம் பெறுகிறது. பயிர்க்காப்புக்காகவோ தற்காப்புக்காகவோ உரிமம் பெற்ற துப்பாக்கியை யார் பூட்டி வைப்பது, எங்கே வைப்பது, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பேற்பது என்பனவே இங்கு முதன்மையான கேள்விகளாக உள்ளன.

அமைப்பும் வகைகளும்

விசைப்பூட்டு பொதுவாக இரு பகுதிகளால் ஆனது. விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் இருபுறமும் இவை பொருத்தப்பட்டு, சாவியாலோ எண் வரிசையாலோ பூட்டப்படும். இது விசையை மட்டுமே மறைக்கிறது. குண்டு இடுவதை இது தடுப்பதில்லை. குண்டு இட்ட துப்பாக்கியில் இதைப் பொருத்தக் கூடாது என்பது அடிப்படையான எச்சரிக்கை ஆகும். பொருத்தும்போதே விசை அழுந்தி வெடிக்கக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

வேறு இரு முறைகளும் வழக்கில் உள்ளன. குழல் வழியாகவோ குண்டு இடும் அறை வழியாகவோ கம்பி வடத்தைச் செலுத்திப் பூட்டுவது ஒன்று. துப்பாக்கியை இரும்புப் பெட்டியிலோ அலமாரியிலோ வைத்துப் பூட்டுவது மற்றொன்று.

படுகையில் பயன்படும் துப்பாக்கிகளுக்குப் பொருத்தம்

இந்திய ஊர்ப்புறங்களில் உரிமத்துடன் காணப்படும் துப்பாக்கிகள் பெரும்பாலும் இரு வகையின.

முதல் வகை, தோட்டா இட்டுச் சுடும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி. இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில் விசைகளும் இரண்டு இருக்கும். எனவே பூட்டு இரண்டையும் ஒருசேரத் தடுப்பதாக அமைய வேண்டும். இவ்வகைத் துப்பாக்கிகளைக் குழல், முன்கட்டை, பின்கட்டை எனக் கழற்றித் தனித்தனியே வைக்க இயலும். ஒரு பகுதியை வேறு அறையில் வைத்தாலே துப்பாக்கி பயன்படாது.

இரண்டாம் வகை, நாட்டுத் துப்பாக்கி என்று வழங்கும் வாய்வழித் துப்பாக்கி. இதில் கரிமருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியாக இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிப்படுத்துவர். பின்னர் கேப்பு எனப்படும் சிறு உலோகத் தொப்பியை வைத்து, சுத்தி அதன்மேல் விழும்போது வெடிக்கச் செய்வர். ஒரு முறை மருந்து கெட்டித்த பின் அதை வெளியே எடுப்பது எளிதன்று. சுட்டுத் தீர்ப்பதே வழக்கமான வழி. ஆகவே மருந்து இட்டபடியே துப்பாக்கி வீட்டில் வைக்கப்படும் இடர் இவ்வகையில் மிகுதி. மேலும் சுத்தி வெளியே தெரியுமாறு அமைந்திருப்பதால், விசையைத் தொடாமலேயே சுத்தி பின்னுக்கு இழுபட்டு நழுவினாலோ, கேப்பின்மேல் அடிபட்டாலோ துப்பாக்கி வெடிக்கக்கூடும். இதனால் விசைப்பூட்டு இவ்வகைக்கு முழுமையான காப்பு ஆகாது. கேப்புகளைத் துப்பாக்கியில் இருந்து அகற்றித் தனியே பூட்டி வைப்பதே கூடுதல் பயன் தரும்.

வரலாறு

தமிழகத்தில் பொதுமக்களிடம் இருந்து படைக்கலங்களைக் களையும் நடவடிக்கை பாளையக்காரர் போர்களின் முடிவில் தொடங்கியது. 1801ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. தஞ்சாவூர் மராத்தியர் அரசு 1855இல் ஆண் வாரிசு இன்மையைக் காரணம் காட்டிக் கம்பெனி ஆட்சியால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் நாடு முழுவதும் உரிமமுறையைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு அதில் விலக்கு இருந்ததால் அச்சட்டம் இனப்பாகுபாடு உடையது எனக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டு கராச்சியில் நிறைவேறிய காங்கிரசின் அடிப்படை உரிமைகள் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாகக் குறிப்பிட்டது. எனினும் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அது அடிப்படை உரிமையாக இடம்பெறவில்லை.

படுகையில் துப்பாக்கி என்பது பயிர்க்காப்புக் கருவியாக மட்டுமன்றி நிலவுடைமையின் அடையாளமாகவும் பார்க்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில் கூலி உயர்வுப் போராட்டத்தை ஒட்டி, நிலவுடைமையாளர் தரப்பினர் துப்பாக்கி உள்ளிட்ட ஆயுதங்களுடன் தாக்கினர். குடிசை ஒன்றில் தஞ்சம் புகுந்த தலித் மக்கள் 44 பேர் தீயில் கருகி உயிரிழந்தனர். இந்நிகழ்வுக்குப் பின், படுகையில் துப்பாக்கிப் பாதுகாப்பு என்பதை வீட்டிற்குள் நேரும் விபத்துகளைப் பற்றிய கேள்வியாக மட்டும் கருத இயலாது.

நரிக்குறவர் சமூகத்தினர் நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டு பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் பிற்காலத் திருத்தங்களாலும் அவ்வாழ்க்கைமுறை சட்டத்திற்குப் புறம்பானது.

சட்ட நிலை

தற்போது நடைமுறையில் உள்ள படைக்கலச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1962இல் செயலுக்கு வந்தது. இதன் 13ஆம் பிரிவு, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்திற்குக் குறையாத குழல் கொண்ட வழுக்குக்குழல் துப்பாக்கியையும், உண்மையான பயிர்க்காப்புத் தேவைக்கு வாய்வழித் துப்பாக்கியையும் தனியே குறிப்பிடுகிறது. மாவட்டங்களில் மாவட்ட நிருவாகம் காவல்துறையின் அறிக்கையைப் பெற்று உரிமம் வழங்குகிறது.

இச்சட்டத்தில் விசைப்பூட்டு பற்றிய குறிப்பு இல்லை. பூட்டைவிட, துப்பாக்கி எவர் கையில் இருக்கலாம் என்பதிலேயே இச்சட்டம் கருத்தூன்றுகிறது. அதன் முதன்மையான கூறுகள் வருமாறு:

- 21 வயது நிறைவடையாதோர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளது.
- ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 3 எனவும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2 எனவும் வரையறுக்கப்பட்டது. உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளில் இருந்து 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.
- உரிம நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.
- உயிருக்கு இடர் விளையுமாறு கவனமின்றியோ கொண்டாட்டங்களிலோ சுடுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்கிறது.

துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வைக்கப் பாதுகாப்பான இடம் உள்ளதா என்பது உரிம விண்ணப்பத்திலேயே கேட்கப்படும் கேள்வியாகும். 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை அறிமுகப்படுத்தின. துப்பாக்கியைக் கையாளுதல், பேணுதல், பாதுகாப்பாக வைத்தல், எடுத்துச் செல்லுதல் ஆகியன அப்பயிற்சியில் அடங்கும்.

தேர்தல் கால ஒப்படைப்பு

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற படைக்கல வணிகரிடமோ ஒப்படைக்குமாறு கோரப்படுவது தமிழகம் எங்கும் உள்ள நடைமுறை. வங்கிக் காவலர்கள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. முடிவுகள் வெளியாகி ஒரு வாரம் கழிந்த பின் துப்பாக்கிகள் திருப்பித் தரப்படும்.

அனைவரும் ஒட்டுமொத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்கவில்லை. அதையொட்டி, ஒவ்வொரு உரிமத்தையும் ஆய்வுக் குழு தனித்தனியே பரிசீலிக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2009இல் அறிவுறுத்தியது.

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தது. ஆனால் முடிவுகள் சூன் 4 அன்றுதான் வெளியாயின. அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட காலம் 80 நாட்கள் ஆகும்.

உரிமம் பெற்றோரின் கருத்துகள்

பூட்டையும் ஒப்படைப்பையும் குறித்து உரிமம் பெற்றோர் தரப்பில் முன்வைக்கப்படும் வாதங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அவசரத் தேவை: தோட்டத்து வீட்டிலும் வயற்களத்திலும் தனியே தங்குவோருக்கு இரவு நேரத்தில் சாவியைத் தேடி எடுத்துப் பூட்டைத் திறக்க நேரம் இராது என்பது முதல் வாதம்.

இரட்டைச் சுமை: காவல்துறையின் விசாரணை, பயிற்சி, உரிமப் புதுப்பிப்பு, தேர்தல்தோறும் ஒப்படைப்பு ஆகியவற்றைக் கடந்து வருபவர் மீது மேலும் ஒரு கட்டாயம் தேவையற்றது என்பது இரண்டாவது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர் எந்தப் பூட்டையும் வாங்கப் போவதில்லை என்றும் சுட்டிக்காட்டப்படுகிறது.

பொருந்தாமை: புதிய துப்பாக்கிகளுக்கென வடிவமைக்கப்பட்ட பூட்டு, பரம்பரையாக வந்த பழைய துப்பாக்கிகளுக்குப் பொருந்தாது என்பது மூன்றாவது.

பூட்டை ஆதரிக்கும் உரிமதாரர்களும் உள்ளனர். சிறுவர்கள் உள்ள வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் வேறு வேறு இடங்களில் பூட்டி வைப்பது உரிமையாளரின் கடமை என்றும், அதைச் சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்றும் இவர்கள் கருதுகின்றனர்.

மாற்றுக் கருத்துகள்

படுகையில் பயிர்க்காப்புக்குத் துப்பாக்கி எந்த அளவு தேவை என்பதே ஐயத்திற்குரியது. நெல்லுக்குப் பெருங்கேடு செய்யும் எலியைப் பிடிக்க இங்கு மூங்கிலால் ஆன தஞ்சாவூர்க் கிட்டியே நெடுங்காலமாகப் பயன்படுகிறது. வயலில் மேயும் மயில் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைச் சுடுவது குற்றம். எனவே பயிர்க்காப்பு உரிமம் பெற்றவரும் பெரும்பாலும் ஓசை எழுப்பி விரட்டுவதோடு நின்றுவிட வேண்டியுள்ளது. ஓசைக்கு வெடி போதுமானது.

பூட்டுள்ள அலமாரி என்னும் எதிர்பார்ப்பு வசதியுள்ள வீட்டிற்கே பொருந்தும் என்பது இன்னொரு கருத்து. குடிசையிலோ கூடாரத்திலோ வாழும் ஏழை உரிமதாரருக்கு இரும்பு அலமாரி எட்டாதது. அவருக்கு எளிதில் கிடைக்கக்கூடிய சிறு விசைப்பூட்டோ, மேலே கூறியவாறு, அவருடைய நாட்டுத் துப்பாக்கிக்கு முழுக் காப்பு அளிப்பதில்லை.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம், உரிமம் பெற்ற வணிகர்கள் கைத்துப்பாக்கி விற்கும்போது பாதுகாப்புச் சாதனம் ஒன்றையும் சேர்த்து வழங்க வேண்டும் என்கிறது. வாங்கியவர் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வாசிங்டன் நகரில் வீட்டிலுள்ள துப்பாக்கியைக் கழற்றியோ விசைப்பூட்டு இட்டோ வைக்க வேண்டும் என்றிருந்த விதி, தற்காப்பு உரிமைக்கு முரணானது என 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது.

கனடாவில் சாதாரண வகைத் துப்பாக்கிகளைக் குண்டு நீக்கி, பூட்டுச் சாதனம் பொருத்தியோ பூட்டிய பெட்டியிலோ வைக்க வேண்டும். ஆனால் பயிரையோ கால்நடையையோ தாக்கும் விலங்குகளை அடக்கத் தற்காலிகமாகத் தேவைப்படும் துப்பாக்கிக்குப் பூட்டில் இருந்து விலக்கு உண்டு. அப்போதும் குண்டு நீக்கியே வைக்க வேண்டும். இத்தகைய விலக்கும், அதற்கென ஒரு வரம்பும் விதியிலேயே வகுக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

பூச்சிக்கொல்லிப் பெட்டி ஆய்வுகள்

பூட்டை வழங்கினால் மட்டும் பயன் கிட்டுமா என்பதற்கு உழவர் வீடுகளில் நடந்த வேறொரு ஆய்வு விளக்கம் தருகிறது. இலங்கையின் அனுராதபுர மாவட்டத்தில் பூச்சிக்கொல்லிகளை வைக்க வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2017இல் வெளியான முடிவுகளின்படி, அதனால் நஞ்சருந்தும் நிகழ்வுகள் குறைந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. காவிரிப் படுகையின் வடபகுதியில் உள்ள காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், உழவர்கள் தத்தம் பூச்சிக்கொல்லியை வீட்டிற்கு வெளியே பொதுக் கூடம் ஒன்றில் பூட்டி வைக்கும் முறை சோதிக்கப்பட்டது. அதை ஊரார் ஏற்றுக்கொண்டனர் என்றும் அது நடைமுறைக்கு உகந்தது என்றும் 2013இல் வெளியான அச்சிறு ஆய்வு தெரிவித்தது.

துப்பாக்கிக்கு இது நேரடியாகப் பொருந்தும் எனக் கூற இயலாது. எனினும், பூட்டின் சாவி வீட்டிலேயே இருப்பதற்கும் பொருளே வீட்டிற்கு வெளியே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, விசைப்பூட்டையும் தேர்தல் கால ஒப்படைப்பையும் ஒப்பிடுவோர் கருதத்தக்கது. ஒப்படைப்பு ஊரின் அமைதியைக் கருதிச் செய்யப்படுவது. தேர்தல் இல்லாத காலத்தில் வீட்டிலுள்ளோரின் பாதுகாப்பு, உரிமம் பெற்றவரின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

- கீழ்வெண்மணிப் படுகொலை
- நரிக்குறவர்
- தஞ்சாவூர் மாவட்டம்
- வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972